சப்பாத்தும் அவருடையதுதான்

புளியங்குளத்துக்குப் போகும் வீதியில் நான் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தேன். நல்ல மதியம். ஓரத்தில் நடந்தால் கிரவல் கல் குத்தியது, நடுவில் நடந்தால் தார் சுட்டது. ஆகவே கொஞ்சம் குத்து வாங்கி, கொஞ்சம் சூடு வாங்கி, வளைந்து வளைந்து போனேன். (பின்னால் வந்த பஸ்காரர் நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்து நிறுத்தாமலே போய்விட்டார்.) இடுப்பில் இன்னொருவரின் நீளக் காற்சட்டை. கக்கத்தில் என் பெயர் எழுதிய தகரப் பலகை. பெயருக்குக் கீழே சிவப்பில் ‘உரிமையாளர்’ என்று இருந்தது.

மனிதர்கள் பொய் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். நான் உண்மை சொல்லி மாட்டிக்கொண்டவன். அதுவும் கேட்டதற்கு மேலாகச் சொல்லி.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். அப்பா தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் கமம் செய்தவர். அதனால் சித்தப்பா, பெரியப்பா என்று இந்தப் பக்கத்தில் எங்களுக்கு யாரும் கிடையாது. வீட்டில் நாலு பேர் இருந்தோம். சண்டை முடிந்தபோது நான் இருந்தேன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. (நான் பள்ளிக்கூடத்தை விடவில்லை. ஒருநாள் போனபோது அந்த இடத்தில் பள்ளிக்கூடத்தைக் காணவில்லை.)

அதன்பிறகு முள்ளியவளையில் கதிர் அறுத்தேன். கடற்கரையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தோடு கரைவலை இழுத்தேன். புதுக்குடியிருப்பில் டியூசன் கொட்டிலுக்குக் கிடுகு வேய்ந்தேன். எங்கேயும் ஒரு பருவத்துக்கு மேல் நிற்கவில்லை. ஏன் இப்படித் திரிகிறாய் என்று கேட்டவர்களுக்கு, எனக்குச் சுதந்திரம் பிடிக்கும் என்று சொல்வேன். மழை நாளில் கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். மழை நாளில் ஒருவரும் கேட்கவில்லை.

அப்படித் திரிந்து வந்து சேர்ந்ததுதான் குணம் அண்ணையின் வீடு. ஊரின் பெயரை எழுதமாட்டேன். அங்கே இன்னும் தேர்தல் நடக்கிறது. அவரிடம் ஒரு உழவு இயந்திரமும் தண்ணீர் ஏற்றும் பவுசர்த் தாங்கியும் இருந்தன. நான் ஓட்டினேன். படுக்கப் பின்பக்கத்தில் ஒரு அறை, இரவில் குசினியில் அவர்களோடு சாப்பாடு. அவர் மனைவி ரஞ்சி அக்கா முதல் நாளே என் சாப்பாட்டுக் கோப்பையையும் மற்றக் கோப்பைகளோடு சேர்த்தே அடுக்கினார். (வேலைக்காரனின் கோப்பையை வெளியே கவிழ்த்து வைக்கிற வீடுகளையும் நான் பார்த்தவன்.) அவர்களுடைய மகள் என்னை மாமா என்றாள். ஒன்றரை வருடம் அங்கே இருந்தேன். ஒருநாள்கூட வேறு ஊருக்குப் போகும் எண்ணம் வரவில்லை.

அந்த வருடம் வறட்சி. கிராமங்களுக்குக் குடிதண்ணீர் ஏற்ற, யார் என்ன விலைக்குச் செய்வார்கள் என்று பிரதேச சபை கேள்விப்பத்திரம் கோரியது. குணம் அண்ணைக்கு அதில் கண் விழுந்தது. ஆனால் ரஞ்சி அக்காவின் சொந்தத் தம்பி வரதன் அதே சபையில் உறுப்பினர். கேள்வி போடுகிறவர், சபையில் தனக்கு யாராவது உறவா, தன் தொழிலில் வேறு யாருக்காவது பங்கு உண்டா என்பதையெல்லாம் வெளிப்படுத்திக் கையெழுத்து வைக்க வேண்டும். வரதனைப் பற்றிச் சொன்னால் வேலை கிடைக்காது என்று குணம் அண்ணை தானாகவே முடிவு செய்துகொண்டார். யாரிடமும் விசாரிக்கவில்லை.

யோசித்துக்கொண்டே திரிந்தவர், ஒரு மாலை என்னை நின்று பார்த்தார். சந்தையில் உழவு மாட்டைப் பார்க்கிற பார்வை அது.

“உனக்கு ஒருத்தரும் இல்லையெல்லோ?” என்றார்.

“இல்லை அண்ணை.”

“மாமன், மச்சான், தூரத்துச் சொந்தம்?”

“இல்லை.”

“அப்ப நீதான் ஆள்.”

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியத்துக்கு எனக்குத் தகுதி இருந்தது.

தொழிலை என் பெயரில் பதிந்தார்கள். பலகை எழுதுவித்தார்கள். வேலை கிடைத்தால் என் பின் அறைக்கு நிலமும் சுவரும் சீமெந்து பூசித் தருவதாக அண்ணை சொன்னார். சீமெந்து பூசிய அறையிலிருந்து ஒருவரை இலேசில் எழுப்பமாட்டார்கள் என்பது என் கணக்கு. அந்த அறைக்காக, நான்தான் இந்த நாட்டின் ஜனாதிபதி என்றுகூடக் கையெழுத்து வைத்திருப்பேன்.

சபையில் நேரில் கேட்டாலும் கேட்பார்கள் என்று, ஒத்திகை இரவுச் சாப்பாட்டில் நடந்தது. அண்ணை சபைச் செயலாளர் மாதிரி நிமிர்ந்து இருந்துகொண்டு, “சபையிலை உமக்கு ஆர் இருக்கினம்?” என்பார். நான் சோற்றை விழுங்கிவிட்டு, “ஒருத்தரும் இல்லை” என்பேன். “பங்காளி?” “ஒருத்தரும் இல்லை.” இதற்கிடையில் ரஞ்சி அக்கா என் கோப்பையில் இன்னொரு மீன் துண்டைப் போடுவார். ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

“சாப்பிடேக்கை அவனைப் போட்டு உந்தக் கேள்வி கேளாதேங்கோ,” என்றார்.

“அவனுக்கு என்ன, உள்ளதைத்தானே சொல்லுறான்,” என்றார் அண்ணை.

எனக்கும் அப்போது அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. மீன் நன்றாக இருந்தது.

கேள்வி திறக்கும் நாள் வந்தது. உரிமையாளர் என்றால் அதற்கேற்றபடி இருக்க வேண்டும் என்று குணம் அண்ணை தன் நீளக் காற்சட்டையைத் தந்தார். அவருடைய இடுப்பில் என்னைப்போல இரண்டு பேர் நிற்கலாம், கயிற்றால் கட்டிக்கொண்டேன். கறுப்புச் சப்பாத்தை வரதன் தந்தார். ஒவ்வொரு அடிக்கும் அது வாத்துக் குஞ்சுபோலக் கத்தியது. என் செருப்பை வீட்டு வாசலில் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டே போனேன்.

சபை மண்டபத்தில் உறுப்பினர்கள் முன்னுக்கு மேசையில் இருந்தார்கள். கேள்வி போட்டவர்கள் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தோம். பின்னால் ஊர்ச்சனம். வரதன் என்னைக் கண்டதும் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார், பிறகு பார்வையை இறக்கவேயில்லை. செயலாளர் புதிதாக வந்த அம்மா. எல்லாரும் தாளில் ஒரே மாதிரி எழுதியிருப்பதால் வாயாலும் கேட்கப்போவதாகச் சொன்னார்.

எனக்கு முதல் எழுந்தவர், தன் மனைவி இதே சபைக் கந்தோரில் வேலை செய்வதாகச் சொன்னார். செயலாளர் அதைக் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். இடி விழவில்லை. (கடைசியில் அந்த வேலை கிடைத்தது அவருக்குத்தான். அவருடைய மனைவி அந்தக் கடுதாசிக் கோவையைத் தொடக்கூடாது என்று மட்டும் எழுதினார்களாம்.) எனக்கு அதைக் கவனிக்கிற நிதானம் இருக்கவில்லை. நான் என் வசனத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்னைக் கூப்பிட்டார்கள். சப்பாத்துக் கத்தக் கத்த முன்னால் போனேன்.

தொழிலில் வேறு பங்காளிகள் உண்டா என்று கேட்டார். ஒருத்தரும் இல்லை என்றேன். சபையில் சொந்தக்காரர்? ஒருத்தரும் இல்லை. குரல் தெளிவாக வந்தது. குணம் அண்ணை ஜன்னலுக்கு வெளியே நின்று தலையாட்டினார். உமக்குக் காய்ச்சல், வருத்தம் என்று வந்தால் பதிலாகப் பவுசரை ஓட்ட வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்றார் செயலாளர். அதற்கும் ஒருத்தரும் இல்லை என்றேன்.

பேனை நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒருத்தருமே இல்லையோ தம்பி?”

இந்தக் கேள்வி ஒத்திகையில் இருக்கவில்லை. அவர் சட்டத்துக்காகக் கேட்கவில்லை, எனக்காகக் கேட்டார். பின்னால் ஒரு பெண் ‘உச்’ கொட்டினார். மதகுக்குக் கீழே படுத்திருக்கிறேன், பசியோடு பல நாள் நடந்திருக்கிறேன். அதெல்லாம் எனக்கு ஒரு கதையே இல்லை. ஆனால் அத்தனை பேர் சேர்ந்து என்னைப் பார்த்து இரங்கியது அன்றைக்குத்தான். அந்த வசனத்தை இன்னொரு தடவை சொல்ல வாய் வரவில்லை.

“இருக்கினம்,” என்றேன்.

“ஆர்?”

“குணம் அண்ணை இருக்கிறார். உழவு மிசினும் பவுசரும் அவரின்ரைதான். ரஞ்சி அக்கா இருக்கிறா. அவவிட்டைதான் எனக்குச் சாப்பாடு. அவவின்ரை மகளுக்கு நான் மாமா.”

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சொல்லச் சொல்ல எனக்கு ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள், அது நன்றாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே குணம் அண்ணை கையை வெட்டி வெட்டிக் காட்டியதை, இன்னும் சொல்லச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

“வரதன் அண்ணையும் அவளுக்கு மாமாதான். அப்ப அவர் எனக்குச் சகோதரம் மாதிரி.”

“எந்த வரதன்?” என்றார் செயலாளர்.

அவர் நம்பவில்லையோ என்று நினைத்து, அத்தாட்சிக்காகக் காலைத் தூக்கிக் காட்டினேன்.

“இந்தச் சப்பாத்தும் அவரின்ரைதான்.”

முழு மண்டபமும் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தது. வரதன் கால்களை உள்ளே இழுத்தார். இழுத்து என்ன? நல்ல சப்பாத்தை எனக்குத் தந்துவிட்டு அவர் ரப்பர்ச் செருப்போடு வந்திருந்தார். பின் வரிசையில் ஒரு கதிரை சிரித்தவரோடு சேர்ந்து கவிழ்ந்தது.

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. என் தாளை ஒருபக்கம் எடுத்து வைத்தார். “சொந்தம் இருக்கிறது பிழை இல்லைத் தம்பி. அதை ஒளிச்சதுதான் பிழை,” என்றார். வரதனை வெளியே இருக்கச் சொன்னார்.

குணம் அண்ணை என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை. வேப்ப மரத்தடியில் நின்று, “சப்பாத்தைக் கழட்டு,” என்றார். கழற்றினேன். பலகையை உழவு மிசின் பெட்டியிலிருந்து எடுத்து, “உன்ரை பேர்தானே, நீயே கொண்டு போ,” என்றார். காற்சட்டையை மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தவில்லை. செருப்பை எடுக்க வீட்டுக்குப் போகத் துணிவு வரவில்லை. வீதியில் ஏறி நடந்தேன்.

ஒரு பாலத்தடியில் பின்னால் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. ரஞ்சி அக்கா. இறங்கி, என் செருப்பை எடுத்து முன்னால் போட்டார். என் உடுப்புப் பையையும் ஒரு சோற்றுப் பார்சலையும் தந்தார். முகம் கடுமையாக இருந்தது.

“சரி, எல்லாரையும் சொன்னனீ. சப்பாத்தையும் ஏன்ரா சொன்னனீ?”

கோபமாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இருவருக்கும் சிரிப்பு முடிந்துவிட்டது. வீதியில் வேறு யாரும் இல்லை.

“அந்தாள் இப்ப உன்னை வீட்டுக்கை விடாது,” என்றார். “எங்கை நிண்டாலும் போனிலை ஒரு கோல் எடு.”

திரும்பி வா என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். அன்றைக்கு யாருக்கும் இன்னொரு பொய் தேவைப்படவில்லை.

இப்போதும் அந்த வீட்டில் யாராவது எதையாவது இரவல் வாங்கினால், “சபையிலை சொல்லிப்போடாதை” என்பார்களாம். குணம் அண்ணையே சொல்வாராம். அக்கா தொலைபேசியில் சொல்லிச் சிரிப்பார். அந்தக் குடும்பத்துக்குள் எனக்கு இன்றைக்கும் ஒரு இடம் இருக்கிறது. பகிடியாகத்தான். இருந்தாலும் இடம்.

அன்றிரவு புளியங்குளத்தில் பஸ் தரிப்பிடத்தில் படுத்தேன். விடிந்ததும், சந்திக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த, அச்சில் சீமெந்துக்கல் அரிகிற வளவுக்குள் போய் வேலை கேட்டேன். முதலாளி பல் விளக்கிக்கொண்டு நின்றார். என்ன வேலை தெரியும் என்றார். எல்லாம் அரைகுறையாகத் தெரியும் என்றேன். வாயைக் கொப்பளித்துவிட்டு என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

“இஞ்சை மிசின் வேலை. உனக்கு ஒண்டு நடந்தா ஆருக்குச் சொல்லுறது?”

பழைய வசனம் வாய்வரை வந்தது. அதை விட்டுவிட்டு ரஞ்சி அக்காவின் பெயரையும் நம்பரையும் சொன்னேன். அவர் ஒரு கரித்துண்டை எடுத்துச் சுவரில் எழுதினார்.

“அவ உனக்கு என்ன வேணும்?”

“சொந்தம் இல்லை அண்ணை,” என்றேன். “சொன்னா வருவா.”

அவர் மேலே கேட்கவில்லை. மண்வெட்டியைத் தந்தார். கலவை குழைக்கத் தட்டு ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். என் பலகையை நிலத்தில் போட்டு, உரிமையாளர் என்ற எழுத்துக்கு மேலே முதல் சீமெந்தைக் கொட்டினேன்.