செனற்றர் அண்ணையும் இரண்டு கதிரைகளும்

கனடாவில் செனற்றர் ஆவதற்குப் பிரதமருடைய தயவு வேண்டும். நாங்கள் இருந்த மோர்னிங்சைட் பகுதியில் எங்கள் செனற்றர் அண்ணைக்கு ஒருவருடைய தயவும் தேவைப்படவில்லை. வாய் இருந்தது, போதும். சொந்தப் பெயர் என்னவென்று அவருடைய மனைவியே ஒருகணம் யோசித்துத்தான் சொல்லுவார்.

எங்கள் வளவில் மூன்று கட்டடங்கள். பதினாலு மாடியில் பெரியது ஒன்று, அதன் காலடியில் இரண்டு சின்னன். மூன்றுக்கும் சேர்த்து ஒரு குடியிருப்பாளர் சங்கம். எதற்கும் கை தூக்கித்தான் வாக்கு, எப்போதும் பெரிய கட்டடத்துக்குத்தான் வெற்றி. அண்ணையும் நானும் பெரியதில் இருந்தோம்.

பனியை முதலில் எந்த வாசலில் தள்ளுவது என்று வாக்கெடுத்த அன்றுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. சின்னக் கட்டடத்துச் சனம் கோட் பொக்கற்றுக்குள்ளிருந்து கையை எடுக்கவேயில்லை. ஹோலில் ஹீற்றர் கொதித்துக்கொண்டிருந்தது.

"பாத்தீரே பிள்ளை," என்று அண்ணை என் பக்கம் குனிந்தார். "தோக்கப்போற கையை ஏன் வெளியில எடுப்பான் எண்டு இருக்கினம்."

மறுநாள் லிஃப்ற்றுக்குள் பிரசாரம் தொடங்கியது. பக்கத்து நாட்டில் பென்னாம்பெரிய கலிபோர்னியா மாநிலத்துக்கும் இரண்டு செனற்றர், கைக்குட்டை அளவு றோட் ஐலண்டுக்கும் இரண்டு. ஆகவே எங்கள் சங்கத்திலும் கட்டடம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதிரை; அந்த ஆறு பேருக்கு மட்டும்தான் வாக்கு. ஏறியவர்கள் இறங்க முடியாது. கதவை முதுகால் மறித்துக்கொண்டு பேசுவார். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்துக்கொண்டிருந்தேன். விடுவேனா? ஒரு ஆளுக்கு ஒரு வாக்கு, அதுதானே ஜனநாயகம் என்று மடக்கினேன்.

"தலையை எண்ணினது காணாதே?" என்றார். "ஊரில ஆர் கூட எண்டு எண்ணி எண்ணித்தானே பிள்ளை நாங்கள் இங்க வந்து நிக்கிறம்."

ஒன்பதாம் மாடியில் இறங்க வேண்டிய நான் பதினாலு வரை போனேன்.

கர்ப்பிணிகள்கூடப் படியால் ஏறத் தொடங்கியபின் சங்கம் பணிந்தது. லிஃப்ற்றுக்குள் இனிப் பேசக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு இரண்டு கதிரைச் சட்டம் நிறைவேறியது. பெரிய கட்டடத்தின் கதிரைகளில் அண்ணையும் நானும்.

முதல் பிரச்சினையாக லோன்றி வந்தது. மூன்று கட்டடத்துக்குமான உடுப்புத் தோய்க்கும் அறை சின்னக் கட்டடம் ஒன்றின் நிலவறையில் இருந்தது. அதை இரவிரவாகத் திறந்துவைக்க வேண்டும் என்று பெரிய கட்டடம் கேட்டது. அதிகம் கேட்டவர் அண்ணைதான்; இறைச்சித் தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ற், அவருடைய யூனிபோம் வருமுன்னே வாசம் வரும். ஆனால் அந்த அறைக்கு நேர் மேலே செல்வி அன்ரி படுப்பவர். விடியுமுன் பேக்கரி வேலைக்குப் போகவேண்டியவர். மெஷின் சுற்றினால் அவருடைய கட்டில் சுவரை விட்டு நடக்கும்.

அண்ணையும் நானும் ஆதரவாகக் கை தூக்கினோம். எதிராக, பொக்கற்றுகளுக்குள்ளிருந்து நாலு கை வெளியே வந்தன. அதில் ஒன்று, தன் கட்டடத்துக் கதிரையில் இருந்த செல்வி அன்ரியின் கை.

எங்கள் கட்டடம் அண்ணைமேல் பாய்ந்தது. உம்மடை சட்டத்தால்தானே தோற்றோம் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அவரோ கலியாண வீட்டில் நிற்பவர்போலச் சிரித்தார்.

"தோத்தது நான். சட்டம் வேலை செய்யுது. நாலு கை வெளியில வந்ததைக் காணேல்லையே?"

அதன்பிறகு நள்ளிரவில் குளியல் தொட்டிக்குள் யூனிபோமை மிதித்துத் தோய்த்தார். பல்கனியில் அது விறைத்து, கையை விரித்தபடி இன்னொரு செனற்றராக நின்றது. சனிக்கிழமைகளில் செல்வி அன்ரி ஒரு மெஷின்மேல் துவாயைப் போட்டு, பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல அவருக்காகக் காவல் இருந்தார்.

இப்போது நான் வோபர்ன் பகுதியில் ஒரு கொண்டோ மாடிவீட்டில் இருக்கிறேன். இங்கேயும் ஒரு பெரிய கட்டடம், பக்கத்தில் சின்னதாய் இரண்டு. நான் பெரியதில். போன கூட்டத்தில் பின்வரிசைக் கைகள் பொக்கற்றுக்குள் இருந்ததைப் பார்த்தேன். வாற கூட்டத்தில் சின்னக் கட்டடங்களுக்கும் எங்களோடு சமமான கதிரை கேட்கப்போகிறேன். நாளைக்கே லிஃப்ற்றிலிருந்து தொடக்கம்.

அண்ணைக்குப் போன் எடுத்து, இது சரிவந்தால் எங்கள் பக்கம் எப்படியும் ஒருநாள் தோற்கும் என்றேன்.

"தோத்தவுடனை எடும் பிள்ளை," என்றார். "நான் முழிச்சிருப்பன்."