கல்யாணத்துக்கு சுப்ரீம் கோர்ட் போனவன்

அரைகுறையாகத் தெரிந்தவன் அடுத்தவரிடம் வழி கேட்க மாட்டான். என் கல்யாணத்தன்று நானும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது ஃபுஜைராவில் வேலை. ஸ்டெல்லா அபுதாபியில் நர்ஸ். இருவருக்கும் ஊர் தூத்துக்குடிப் பக்கம். முதலில் அபுதாபி கோர்ட்டில் பதிவுத் திருமணம், பிறகு லீவில் ஊருக்குப் போய் சர்ச்சில் ஆசீர்வாதம் என்று ஏற்பாடு. பக்கத்து நாடான ஓமானின் சோஹாரிலிருந்து அவள் அண்ணன் ஒருநாள் லீவில் வந்திருந்தார். எனக்குப் பொறுப்பு பத்தாது என்பது ஆரம்பத்திலிருந்தே அவர் கட்சி. அன்றைக்காவது நான் நேரத்துக்குப் போய் நின்றாக வேண்டும்.

ஸ்டெல்லா மேப் அனுப்பியிருந்தாள். நான் திறக்கவே இல்லை. ஃபுஜைராவில் இருப்பது ஃபெடரல் கோர்ட், அதாவது மத்திய அரசின் கோர்ட். அபுதாபியோ தலைநகரம். அங்கே ஃபெடரல் கோர்ட் இல்லாமல் வேறென்ன இருக்கும்? (என்ன ஒரு மூளை!) நானே போனில் ஃபெடரல் கோர்ட்டைத் தேடிப் பிடித்து, கோட்டு சூட்டு, பின்சீட்டில் இரண்டு ரோஜா மாலை சகிதம் பாடிக்கொண்டே கார் ஓட்டினேன். சந்தோஷம் தாங்கவில்லை.

கட்டடம் அரண்மனை மாதிரி இருந்தது. நம் கல்யாணத்துக்கு இவ்வளவு பெரிய இடமா என்று பூரித்துப்போனேன். போன் அடித்தது.

"எங்க நிக்கிய?" என்றாள் ஸ்டெல்லா.

"கோர்ட்டு வாசல்ல. கை ஆட்டுறேன், தெரியுதா?"

"நானும் வாசல்லதான் நிக்கேன். ஒருத்தரையும் காணுமே!"

நான் மாலையைத் தூக்கி ஆட்டினேன். காவலாளி ஓடிவந்து என்ன விஷயம் என்றார்.

"ஷாதி!" என்றேன் பெருமையாக.

"ஷாதி மாஃபி, பாய்! யே சுப்ரீம் கோர்ட் ஹை!"

இங்கே கல்யாணமெல்லாம் கிடையாதாம். நாட்டுக்கே பெரிய கோர்ட்டாம்!

போனில் ஸ்டெல்லா வெடித்தாள். "அபுதாபிக்குன்னு தனிக் கோர்ட்டு இருக்குல்லா! துபாய்க்கும் ராஸ் அல் கைமாவுக்கும் அப்படித்தான். ஃபுஜைரா மாதிரி ஊருங்கதான் ஃபெடரல்ல வரும். நம்ம பேரைக் கூப்பிட்டாச்சு, யல்லா, ஓடி வாங்க!"

பின்னால் அண்ணன் குரல்: "நான் அப்பவே சொன்னேம்லா?"

வண்டியைத் திருப்பினேன். கல்யாணமே கைவிட்டுப் போகிறதோ என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். ஸ்டெல்லா உள்ளே கெஞ்சிக் கூத்தாடியதில் எங்களைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். பாதி இதழ் உதிர்ந்த மாலைகளோடு மூச்சிரைக்கப் போய் நின்றேன். அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஏன் மாப்பிள, கல்யாணம் ஆகும் முன்னாடியே அப்பீலுக்குப் போயிட்டியளோ?"

அவர் என்னை மாப்பிள்ளை என்று அழைத்தது அதுதான் முதல் தடவை!

இன்றுவரை எங்கள் வீட்டில் என்ன சண்டை என்றாலும், "இது லோக்கல் கோர்ட்டு" என்று ஸ்டெல்லாதான் தீர்ப்புச் சொல்கிறாள். நான் வாயைத் திறந்தால் இங்கேயே பிறந்த மகள் கையை நீட்டித் தடுத்து, முடிந்தது என்று அரபியில் முத்திரை குத்துகிறாள்.

"நோ அப்பீல், டாடி. கலாஸ்!"