இரண்டு நகரசபைக்குச் சம்பந்தம் பேசினவர்

மொன்றியலிலை நகரத் திட்டம் படிச்ச அத்தனை பேரையும் ஒரு தட்டிலையும், எங்கடை தரகர் அண்ணையை மற்றத் தட்டிலையும் வைச்சால், படிச்சவை ஆகாயத்திலைதான் தொங்குவினம். தொழில் கலியாணத் தரகு. சென்ட் லோரன்ட்டிலை அவரோடை ஒரே கட்டிடத்திலை இருந்தும் அவரின்ரை சொந்தப் பேரை எங்களிலை ஒருத்தரும் கேட்டதில்லை.

அவரின்ரை மனிசி புஷ்பமக்கா வேலை செய்த வெயார்ஹவுஸ் ஒரு நகரசபையின்ரை எல்லையிலை. பஸ் வந்து நிக்கிறது பக்கத்து நகரசபையின்ரை எல்லையிலை. நடுவிலை றோட்டை மறிச்சுக் கொங்கிறீட் கட்டை. வரி வருமெண்டு வெயார்ஹவுஸுக்கு அனுமதி குடுத்த புத்திசாலிகள், ஆக்கள் எப்பிடி அங்கை போறதெண்டு யோசிக்கேல்லை. பக்கத்துப் புத்திசாலிகள் லொறி வந்திடுமெண்டு றோட்டையே மூடிச்சினம். ஊர்ப்பேர் சொல்லமாட்டன். சொன்னால் ரெண்டு மேயரும் சேர்ந்து வழக்குப் போடுவினம். அவை ஒற்றுமையாச் செய்யிற முதல் காரியம் அதுவாத்தான் இருக்கும்.

ஒரு பனி மாரியிலை அந்தக் கட்டையைக் கடக்கேக்கை அக்கா வழுக்கி விழுந்து கையை முறிச்சுப்போட்டா. அண்ணை கோட்டுப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். முதல் சபையிலை, பிழை பக்கத்து ஊரிலை எண்டு சொல்லிச்சினம். பக்கத்து ஊரிலையும் அதே பதில், இன்னும் நல்ல பிரெஞ்சிலை.

வேறை ஆளெண்டால் பெட்டிசம் எழுதியிருக்கும். இவர் சம்பந்தம் பேசத் தொடங்கினார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய் எண்டதை வேதமா எடுத்த மனிசன். கட்டையை எடுக்க அவைக்குப் பூரண சம்மதம், நீங்கள் நடைபாதை போட்டால் சரி எண்டு முதல் சபையிலை ஒரு கதை. நடைபாதை போட இவைக்குப் பூரண சம்மதம், நீங்கள் கட்டையை எடுத்தால் சரி எண்டு பக்கத்துச் சபையிலை ஒரு கதை. மாப்பிள்ளை வீடும் பொம்பிளை வீடும் இப்பிடித்தானே இறங்கி வரும்.

கடைசியிலை ரெண்டு பகுதியும் ஒரு மேசையிலை இருந்திச்சினம். மற்றப் பகுதி சம்மதிக்கவேயில்லை எண்டது கதைக்கத் தொடங்கினவுடனை தெரிஞ்சுபோச்சு. ஆனால் அண்ணை சொல்லி வந்திருந்த பேப்பர்காரருக்கு முன்னாலை, எங்களுக்கு விருப்பமில்லை எண்டு முதல்லை வாய் திறக்க ஒருத்தருக்கும் துணிவில்லை. சிரிச்சுக்கொண்டே கையெழுத்து வைச்சினம்.

நகரசபையின்ரை வேகம் தெரியும்தானே. கட்டை விலகி, நடைபாதை வந்து, பஸ் ஓட்டமும் வெயார்ஹவுஸ் வாசல் மட்டும் நீண்டு வரேக்கை, அக்கா பென்சன் எடுத்திட்டா.

எண்டாலும் முதல் பஸ்ஸிலை அண்ணை அவவைப் பட்டுச்சேலையோடை ஏத்தினார். சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நல்ல பனி. வெயார்ஹவுஸ் வாசலிலை மூண்டு பேரும் இறங்கினம். உள்ளை போக ஒருத்தருக்கும் அலுவல் இல்லை.

"கால் நனைஞ்சதே?" எண்டு கேட்டார்.

"இல்லை. ஆனால் இப்ப எனக்கு இஞ்சை வேலையும் இல்லையே."

"அது பரவாயில்லை. ஒருநாளாவது உம்மை இந்த வாசலிலை ஒழுங்கா இறக்கவேணுமெண்டு இருந்தது."

திரும்பி வரேக்கை அக்கா அவரின்ரை தோளிலை சாஞ்சு நித்திரையாப் போனா. அவ எழும்பிடக்கூடாதெண்டு, இறங்கவேண்டிய இடம் கடந்தும் அந்த மனிசன் மணியை அடிக்கேல்லை. நானும் அடிக்கேல்லை. அந்தப் பொய்யனிலை எனக்குச் சரியான விருப்பம்.