வீட்டில் இங்கிலீஷ் மட்டும்

“ஃபிஷ்... டேஞ்சர்!” என்றாள் பானுப்ரியா.

மகள் பொன்ஷிகா தட்டைத் தள்ளிவிட்டு நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டாள். சாளை மீன் குழம்பில் முள் இருக்கிறது, பார்த்துச் சாப்பிடு என்றுதான் தாய் சொல்ல வந்தாள். முள்ளுக்கு இங்கிலீஷ் அகப்படவில்லை.

“ஏளா, பிள்ளையப் பயமுறுத்திட்டியே!” என்று பதறிய அவள் கணவன் ஜெயகணேஷ், தமிழில் பேசிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். “நோ டேஞ்சர்! ஈட், ஈட்!”

அன்றிலிருந்து பொன்ஷிகா மீனைத் தொடவில்லை. தூத்துக்குடியில் பிறந்துவிட்டு மீன் தின்னாத பிள்ளையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

எல்லாம் பள்ளிக்கூடத்து மிஸ் செய்த வேலை. “யூகேஜில உங்க பொண்ணு வாயே திறக்க மாட்டேங்கிறா. இப்படியே இருந்தா ஒண்ணாங்கிளாஸுக்கு அனுப்ப முடியாது. வீட்டுல இங்கிலீஷ்லயே பேசுங்க” என்று சொல்லிவிட்டார். பிள்ளை ஒரு வருஷம் பின்தங்கிவிடுவாளே என்ற பயத்தில் ஜெயகணேஷ் வீட்டில் தமிழுக்குத் தடை போட்டான். அவனுடைய இங்கிலீஷோ உப்பளத்து லாரிக்காரர்களிடம் ‘ஓகே’, ‘ரைட்’, ‘லோடு’ சொல்வதோடு சரி.

மறுநாள் பொன்ஷிகா கேட்டாள். “அப்பா, கடல் தண்ணிதான மழையா வருது? பொறவு மழை ஏன் கரிக்க மாட்டுக்கு?”

உப்பளத்திலேயே சூப்பர்வைசராக இருப்பவன். தண்ணீர் ஆவியாகி மேலே போகும், உப்பு பாத்தியிலேயே தங்கிவிடும் என்று தமிழில் தூக்கத்தில்கூடச் சொல்வான். இங்கிலீஷில் யோசித்தான். யோசித்ததில் தெரிந்ததும் மறந்துபோனது.

“ரெயின்... ரைட். சால்ட்... லோடு. ஓகே?”

பொன்ஷிகா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் கேள்வியே கேட்கவில்லை.

வீடு கப்சிப் ஆனது. புருஷன் பெண்டாட்டி சண்டை போடுவதற்குக்கூட மொட்டை மாடிக்குப் போக வேண்டியிருந்தது.

“அவ தொணதொணன்னு பேசுததக் கேட்டு எம்புட்டு நாளாச்சு! வீடு எழவு வீடு மாதிரி இருக்கு” என்று மாடியில் பானுப்ரியா அழுதாள்.

 மகளின் கேள்விகள் இல்லாமல் அவனுக்கும் வேலை முடிந்து வீட்டுக்கு வரவே பிடிக்கவில்லை. ஆனாலும் சமாளித்தான். “முன்னால ஸ்கூல் வேன் வந்தா அழுதுக்கிட்டே கட்டிலுக்கடியில போவா. இப்ப வேனுக்கு முந்தி தெருமுனையில போய் நிக்கா, பாத்தியா? இங்கிலீஷ் ஏறுதுளா!”

பெற்றோர் கூட்டத்தன்று மிஸ்ஸின் முகமெல்லாம் சிரிப்பு. “சார், எதைக் கேட்டாலும் பொன்ஷிகாதான் முதல்ல பதில் சொல்றா. அதுவும் இங்கிலீஷ்ல! ஒண்ணாங்கிளாஸ் கன்ஃபார்ம். எல்லாம் நீங்க வீட்டுல பேசுறதாலதான். விட்டுராதீங்க!”

“கேட்டியா? இனி ஆயுசுக்கும் நம்ம வீட்ல இங்கிலீஷ்தான்” என்று ஜெயகணேஷ் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். பானுப்ரியாவின் முகம் சுண்டிப்போயிற்று.

பள்ளிக்கூட வாசலில் வேன் டிரைவர் வீரபாகு எதிர்ப்பட்டார். எப்போதும் ‘என்ன தம்பி’ என்பவர், இன்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, “குட்... மார்னிங்... சார்” என்றார்.

“என்ன அண்ணாச்சி, எங்கிட்டப் போயி இங்கிலீஷ்ல பேசுதிய?”

“பின்ன என்ன தம்பி, வீட்ல ரெண்டு பேருக்கும் தமிழ் மறந்துபோச்சுன்னுதான பாப்பா, மிஸ் நடத்துன பாடத்தையெல்லாம் தெனமும் வேன்ல எங்கிட்டத் தமிழ்ல பேசி வெளங்கிக்கிட்டுப் போறா!”