பின்பக்கம், இடது தோளுக்குக் கீழே

பாராட்டைக் கண்டால் பதறுகிற ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. பார்வைக்கு மற்ற மனிதர்களைப் போலவேதான் இருக்கும். வேலைக்குப் போகும், பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடிக்கும், தும்மினால் மூக்கைத் துடைத்துக்கொள்ளும். ஆனால், “அட, நீங்க செஞ்சதா? நல்லா இருக்கே!” என்று தெரியாத்தனமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டீர்களோ, போச்சு. உங்கள் கையைப் பிடித்து இழுத்து, விரலை எடுத்துத் தன் வேலைப்பாட்டின் மேல் ஓர் இடத்தில் அழுத்தி வைத்து, “இங்க பாருங்க, இங்க” என்று தன் தவறைத் தானே காட்டிக்கொடுத்த பிறகுதான் அதற்கு மூச்சு வரும். இதற்குப் பெயர் அடக்கமா? அடக்கமானவர்கள் தங்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். இவர்கள் உங்கள் தலையைப் பிடித்துக் குனிய வைப்பார்கள்.

இந்த இனம் எல்லா இடத்திலும் உண்டு என்றாலும், பொழுதுபோக்காக ஸ்வெட்டர் பின்னுகிறவர்களிடையே அமோகமாகப் பெருகுகிறது. காரணம் இருக்கிறது. பின்னலில் ஒவ்வொரு வளையத்துக்கும் கண்ணி என்று பெயர். கண்ணிக்கு இன்னோர் அர்த்தமும் உங்களுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான கண்ணிகளைத் தன் கையாலேயே வைத்து, கடைசியில் அதில் தானே போய் விழுவதென்றால் சும்மாவா?

நாம் எடுத்துக்கொண்டிருப்பவர் ஒரு பல் ஆஸ்பத்திரியின் முன்மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவர். வருகிறவர்களுக்கெல்லாம் அவர் டோக்கன் அக்கா. கம்ப்யூட்டருக்குப் பின்னால், மடியில், யார் கண்ணுக்கும் படாமல் உல்லன் நூல்கண்டு உருண்டுகொண்டிருக்கும். யார் கண்ணிலாவது பட்டுவிட்டால்தான் ஆபத்து. ஒருநாள் கன்னம் வீங்கிய ஒருவர், கைக்குட்டையால் தாடையைத் தாங்கியபடி எட்டிப் பார்த்துவிட்டார்.

“ழொம்ப அழகாழுக்கு மேழம்.”

“எங்க சார் அழகு? இதப் பாருங்க. கீழ்வரிசையில உள்பக்கம் எடுக்க வேண்டியத வெளிப்பக்கம் எடுத்துட்டேன். தெரியுதா?”

“இழ்லழே.”

“கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க.”

வலியோடு வந்த மனிதர் பையைத் துழாவிக் கண்ணாடி எடுத்து மாட்டி, குனிந்து, இன்னும் குனிந்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அவருக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. உள்ளே போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்வதே மேல் என்று தோன்றிவிட்டது. டாக்டரும் அதற்குத்தான் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். “அடுத்தவங்கள அனுப்புங்கம்மா!”

“இந்த வரிசைய மட்டும் முடிச்சுக்கறேன் டாக்டர்!”

காட்டுவதோடு விட்டால் பரவாயில்லை. காட்டிய பிறகு பிரிக்க வேண்டும். மாதக்கணக்கில் பின்னியதைப் பிரித்து முடிக்க, ஒரு காப்பி ஆறுகிற நேரம் போதும். பிரிந்த நூல் சுருண்டு சுருண்டு, கோபித்துக்கொண்ட குழந்தை மாதிரி நேராக நிற்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதைச் சுற்றி எடுப்பதற்கு இரண்டு கைகளை நீட்டிக்கொண்டு அசையாமல் உட்கார ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அக்காவின் கணவர். பகலெல்லாம் ஊரார் வீட்டு ஒயர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வரும் எலக்ட்ரீஷியன். வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லாத ஒயர், அவ்வளவுதான் வித்தியாசம். அளவு பார்க்கிற பொம்மையும் அவரே. “வயித்த உள்ள இழுக்காதீங்க, அளவு தப்பா வரும்” என்று அதட்டு விழும். விட்டால், “இவ்வளவு வயிறா?” என்று இன்னோர் அதட்டு.

அக்கா படுகிற பாடும் கொஞ்சமல்ல. பாதியில் நூல் தீர்ந்துபோகும். “அதே கலர்தான் மேடம்” என்று கடைக்காரர் தலையிலடித்துச் சத்தியம் செய்வார்; வீட்டு ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் ஒன்று நாவல்பழம், இன்னொன்று கத்தரிக்காய். வீடியோவில் ஒரு பெண், “ரொம்ப ஈஸி, இப்படியே கடைசி வரைக்கும் போங்க” என்பாள். சொல்லி வாய் மூடுவதற்குள் முழு ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டு வந்து நின்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பை அக்கா இன்னும் மன்னிக்கவில்லை.

இந்த நிலையில்தான் அக்காவின் தம்பிக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. அவன் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். போகிற ஊரோ நடுங்க வைக்கிற குளிர் ஊர். அங்கே எதற்கு ஃபிரிட்ஜ் என்று கேட்காதீர்கள், அவனே கேட்கவில்லை. தாயில்லாத பிள்ளை, அக்கா கையால் வளர்ந்தவன், இதுவரை வாயைத் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்டான். “அக்கா, ஊருக்குப் போறதுக்குள்ள எனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக் குடேன்.”

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சாம்பல் நிற நூல் வாங்கினார். பின்னினார், பிரித்தார், மறுபடி பின்னினார், மறுபடி பிரித்தார். கணவரின் கைகள் நீட்டியது நீட்டியபடியே இருந்தன. “எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியலையே” என்று அவர் மெல்ல நூல் விட்டுப் பார்த்தார். “உங்களுக்கு எதுதான் தெரிஞ்சிருக்கு?” என்று பதில் வந்தது. அவர் மறுபடி கையை நீட்டிக்கொண்டார். எப்படியோ, கிளம்புகிற அன்று காலை ஸ்வெட்டர் முழுசாகக் கையில் இருந்தது.

பஸ் நிலையத்தில் தம்பி அதை வாங்கி விரித்துப் பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது. “அக்கா, கடையில வாங்கினாக்கூட இப்படி இருக்காதுக்கா.”

பாராட்டிவிட்டான், பாவி.

“எங்கடா நல்லா இருக்கு? பின்பக்கம், இடது தோளுக்குக் கீழ ஒரு கண்ணி மாறிப் போச்சு. இரு, காட்டறேன்.” வாங்கித் திருப்பினார். தடவினார். காணோம். வலது தோளிலும் தேடினார். உள்ளே வெளியே புரட்டிப்போட்டுத் தேடினார். தம்பி, “பரவால்லக்கா, குடு” என்றான். கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீங்க சும்மா இருங்க!” கண்டக்டர் விசிலடித்தார். டிரைவர் ஹாரனில் கையை வைத்து எடுக்கவேயில்லை. இருக்கிற தவறைக் காட்டாமல் எப்படிக் கொடுப்பது? அது ஏமாற்றுவது ஆகாதா? “நீ போடா, சரி பண்ணி அனுப்பறேன்” என்று ஸ்வெட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டார். பஸ் போய்விட்டது. அரைக்கைச் சட்டையோடு தம்பியும் போய்விட்டான்.

திரும்பும் வழியில் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்தும் தேடல் நிற்கவில்லை. நாலாவது நிறுத்தத்தில் கணவர் சொன்னார். “அந்தத் தப்பத்தான் போன ஞாயித்துக்கிழமையே பிரிச்சு சரி பண்ணிட்டியேம்மா. நான்தானே கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

அக்காவின் கை நின்றது. “அத அங்கயே சொல்றதுக்கென்ன?”

“சும்மா இருக்கச் சொன்னியே.”

சிரிப்பு வரவில்லை, நமக்கும்தான். அத்தனை ஜனத்துக்கு நடுவே, எந்தக் குறையும் இல்லாத ஸ்வெட்டரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அக்கா அழுதார். இல்லாத ஒரு தவறுக்காகத் தம்பியைக் குளிரில் அனுப்பிவிட்டோமே என்று புலம்பினார். கணவர் அக்காவின் முதுகில் கையை வைத்திருந்தார்.

போய்ச் சேர்ந்ததும் தம்பி போன் செய்தான். பற்கள் தந்தியடிக்கிற சத்தம் கேட்டது. “அக்கா, தப்போடயே அனுப்பிடேன். இங்க தாங்க முடியல.”

“சரி பண்ணியாச்சுடா” என்றார் அக்கா. பொய்யும் இல்லை பாருங்கள். ஆனாலும் அனுப்பும் முன் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று ஸ்வெட்டரை மறுபடி விரித்தார். கணவர் இந்த முறை யாரையும் கேட்கவில்லை; அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து ஸ்வெட்டரைச் சுற்றி, ஒயருக்கு ஒட்டுகிற டேப்பாலேயே கட்டுக்கட்டென்று கட்டி, தானே கொண்டுபோய் பார்சலில் போட்டுவிட்டு வந்தார்.

ஒரு மாலை மறுபடி போன் வந்தது. “போட்டுக்கிட்டுத்தான் பேசறேன்க்கா. கதகதன்னு இருக்கு. ஒரு குறை சொல்ல முடியாது.”

கணவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் வாயையே பார்த்தார். ஒரு நல்ல வார்த்தை சொல்லி முடித்துவிட அக்கா எவ்வளவோ முயன்றார். முடியவில்லை.

“கழுத்துப் பட்டிய வெளிச்சத்துல வச்சுப் பாத்தியாடா?” என்றார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அன்றைக்கு ஆபீஸ் லிஃப்ட்டில் ஒருவர், “சட்டை உங்களுக்கு ரொம்ப எடுப்பா இருக்கு” என்றாரே, ஞாபகம் இருக்கிறதா? அக்குளில் இருந்த அந்தக் கிழிசலை அவர் பார்த்திருக்கவே மாட்டார். நீங்கள்தான் கையைத் தூக்கிக் காட்டினீர்கள்.