‘பக்கத்துலதேன்’ என்ற பதினெட்டு கிலோமீட்டர்

வெளியே கிளம்பி நிற்பவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்கலாமா, கூடாதா? முப்பத்தொரு வயதாகிறது, எம்.எஸ்ஸி. வரை படித்திருக்கிறேன், இன்னும் எனக்கு விடை தெரியாது.

கல்யாணமான புதிதில், செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மாமனாரிடம் "எங்க மாமா போறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து தண்ணீர் குடித்து, கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பினார். அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) என்னை அடுப்படிக்கு அழைத்து, "கிளம்புறவகள எங்கன்னு கேக்கக்கூடாதும்மா. 'தூரமா?'ன்னு கேளு. அவுகளாச் சொல்லுவாக" என்றார். அன்றிலிருந்து நான் யாரையும் எங்கே என்று கேட்டதில்லை. (ஆட்டோக்காரரைக்கூட.)

போன வருஷம் என் பையனுக்குப் பத்து மாதம். பாட்டிலைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்வான். ஏழரைக்கு விழிப்பான். விழித்ததும் நான் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உலகம் அழிந்துவிடும் (என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்). டாக்டரம்மா தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, ரப்பர் செருப்போடு தெருமுனைக்குப் போனேன். அங்கே பத்துப் பேர், கண்ணைப் பறிக்கும் கலரில் ஷூ மாட்டிக்கொண்டு கைகாலை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். தலை நரைத்த அண்ணன் ஒருவர், "வாங்கம்மா, சேந்தே போவம்" என்றார்.

நாக்கு நுனிவரை வந்த கேள்வியை விழுங்கிவிட்டு முறைப்படி கேட்டேன்.

"தூரமாண்ணே?"

"தூரமெல்லாம் இல்லம்மா. இந்தா, பக்கத்துலதேன்."

நாகமலை அடிவாரத்தில் மெதுவாக ஓட ஆரம்பித்தார்கள். பின்னால் ஒரு நாய் வந்ததால் நானும் ஓடினேன். நாய் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. கருவேலங்காடு வந்தது. கண்மாய்க்கரை வந்தது. இதோ திரும்பிவிடுவார்கள் என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தேன். கேட்டுவிடலாமா என்றால் அத்தையின் முகம் தெரிந்தது. நான் கேட்டு, அந்த நேரம் பார்த்து இவர்களில் யாராவது கால் இடறி விழுந்துவிட்டால்?

ஒன்பதாவது கிலோமீட்டரில் (அவர்கள் கைக்கடிகாரம் சொன்னது) என் செருப்பு வார் பிய்ந்தது. எல்லோரும் நின்றார்கள். அதையே சாக்காக வைத்து, "எப்பண்ணே திரும்புவோம்?" என்றேன்.

"எதுக்குத் திரும்பணும்? சோழவந்தான்ல டிபனச் சாப்பிட்டு பஸ்ஸுல வந்துருவோம். இன்னும் ஒம்பதுதேன்."

அண்ணன் நாற்பது கிலோமீட்டர் ஓடுகிறவராம். அவர் கணக்கில் அது பக்கம்தான்.

அவர் போனை வாங்கி வீட்டுக்கு அடித்தேன். மணி ஏழே கால்.

"எங்க இருக்க?" என்றார் கணவர். (அவர் மட்டும் அதைத் தாராளமாகக் கேட்பார்.)

"தெரியலங்க. ஏதோ கண்மாய்க்கரை. இங்க கார் வராது. நீங்க பிள்ளையத் தூக்கிட்டு சோழவந்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருங்க."

"சோழவந்தானுக்கா? எதுக்கு?"

"பால் குடுக்க."

திரும்பினாலும் ஒன்பது, போனாலும் ஒன்பது. போனால் பிள்ளை எதிரே வருவான். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம். தாலியில் கிடந்த ஊக்கைக் கழற்றிச் செருப்பு வாரில் குத்தினேன், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கினேன், ஓடினேன். ஷூக்காரர்களை ஒவ்வொருவராகத் தாண்டினேன். வெற்றிலைக் கொடிக்காலில் இலை கிள்ளிக்கொண்டிருந்த ஒரு அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏத்தா, யாரு வெரட்டுறா?"

"பிள்ளைக்குப் பசிக்கும்க்கா."

"பிள்ள எங்க?"

"மதுரையில."

"அப்ப ஏந்தாயி இந்தப் பக்கம் ஓடுற?"

நியாயமான கேள்விதான். நின்று விளக்க நேரமில்லை.

எட்டரைக்குப் பஸ் ஸ்டாண்டை முதல் ஆளாகத் தொட்டேன். ஐந்து நிமிடத்தில் கார் வந்தது. பாய்ந்துபோய்க் கதவைத் திறந்தால், அத்தை மடியில் என் மகன். வாயெல்லாம் இட்லி. வழி நெடுகச் சிரித்துக்கொண்டே வந்தானாம். புழுதியும் வியர்வையுமாக நீட்டிய என் கைகளைப் பார்த்ததும்தான் வீறிட்டு அழுதான்.

அத்தை என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பார்வை செருப்பில் நின்றது.

"அது தாலியில கெடந்த ஊக்கா?"

"ஆமா அத்தை."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அம்புட்டுத் தூரமும் தாங்குச்சா?"

"தாங்குச்சு அத்தை."

"நல்ல ஊக்குதேன்."

இப்போது நான் கறிவேப்பிலை வாங்கக் கிளம்பினாலும் வீடே சேர்ந்து "தூரமா?" என்கிறது. பையன் பேசக் கற்றுக்கொண்ட நாலைந்து வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

நேற்று அந்த அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி: "ஞாயிறு காலை அஞ்சரை. வந்துருங்கம்மா." இடம் போடவில்லை. "தூரமாண்ணே?" என்று அனுப்பினேன். "பக்கத்துலதேன்" என்று பதில் வந்தது.

ஷூ வாங்கிவிட்டேன். தாலியில் இரண்டு ஊக்கு கோத்திருக்கிறேன். எங்கே என்று கேட்காமலே எங்கே என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு ஏதாவது வழி தெரிந்தால், தயவுசெய்து சனிக்கிழமைக்குள் எழுதுங்கள்.