வைரஸின் மாமனார் வீடு

செடி நோய்களுக்கு வைத்தியம் சொல்லும் எதிர்வீட்டு டாக்டர் சொன்னதாக என் மனைவி சொன்னதை நான் வருஷக்கணக்காகச் சந்தேகித்து வருகிறேன். அவரிடமே கேட்டிருக்கலாம். அவர் ஆமாம் என்றுவிட்டால், கையில் இருக்கிற சந்தேகமும் போய்விடுமே.

மொட்டைமாடியில் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு சுருட்டு, கொஞ்சம் காற்று. ஒரு மனிதனுக்கு இது அதிகமா? மனைவியின் தக்காளித் தொட்டிகள் பாதி மாடியைப் பிடித்தன. பொறுத்தேன். பிறகு பெட்டூனியாப் பூந்தொட்டிகள் வந்து, என் நாற்காலியைத் தண்ணீர் டாங்க் அடியில் தள்ளின. முடிவெடுத்தேன். பூவா, நானா?

தக்காளி இலையில் மஞ்சள் தேமல் தெரிந்த காலையில் தொண்டையைச் செருமினேன்.

“இது வைரஸ். பெட்டூனியாவிலயும் தங்கும். அது வைரஸுக்கு மாமனார் வீடு மாதிரி. இங்க பிழைப்பு போனா அங்க போய் உட்கார்ந்துக்கும்.”

“வேலை போனப்ப எங்க அப்பா வீட்டுல உட்கார்ந்திருந்தவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

“பூவையெல்லாம் தூக்கணும். வேணும்னா டாக்டரைக் கேளு.”

அந்த ‘வேணும்னா’தான் என்னைக் கவிழ்த்தது. போனாள். சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

“நீங்க சொன்னது நிஜந்தாங்க. பூவுலயும் தங்குமாம். ஆனா இந்த வைரஸ் பேரு என்ன தெரியுமா?”

“என்ன?”

“புகையிலைத் தேமல் வைரஸ். சுருட்டு பிடிச்ச கையோட செடியைத் தொட்டா ஒட்டிக்குமாம்.”

“நான் எங்க தொட்டேன்?”

“பழுத்துடுச்சான்னு தினமும் அமுக்கிப் பார்க்கறது யாரு?”

சுருட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

“பூ வெச்ச இடத்துல இருக்கு. நடமாடறது நீங்க. எதை மாடியை விட்டு இறக்கணும்னு நீங்களே சொல்லுங்க.”

நாற்காலி வாசலுக்கு இறங்கியது. பின்னாலேயே நானும். பெட்டூனியா மேலே காற்று வாங்கியது. மாமனார் வீடு நான்தானா? யோசித்து யோசித்து எனக்கே தேமல் வந்துவிடும் போலிருந்தது.

போன வாரம் பொறுக்க முடியாமல் தெருவைக் கடந்தேன். டாக்டர் தன் வீட்டுப் பின்பக்கப் படியில் உட்கார்ந்திருந்தார். கையில் சுருட்டு.

“டாக்டர், சோப்பு போட்டு நல்லாக் கை கழுவினா அந்த வைரஸ் போகாதா?”

அவர் அண்ணாந்து பார்த்தார். மாடியில் அவர் மனைவி தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“போயிடும் சார். மெல்லப் பேசுங்க.”

“அப்ப நீங்க ஏன் சார் கீழ உட்கார்ந்திருக்கீங்க?”

“அதை அவகிட்ட யார் சார் சொல்றது?”